ரெண்டு தள்ளிப் போடு

ஐயாவு ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் முதலில் தொடுவது மேற்குச் சுவரைத்தான். வீட்டுக்காரி "உக்காருங்க அண்ணே, தண்ணி குடிங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்துவிடுவார். மாட்டின் வயிற்றைத் தடவிச் சினை எத்தனை மாதம் என்று சொல்கிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். "இந்த ரூம்புல எத்தனை பேரு படுப்பீங்க?" என்று கேட்பார். பின்வாசலுக்குப் போய், ஏர்கோனின் வெளி மெஷினை எங்கே மாட்டலாம் என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து அறை வரை குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட ஒட்ட நடந்து வருவார். செம்புக் குழாயின் நீளம் அதுதான். டேப்பு, ரூல் எதுவும் அவர் பையில் கிடையாது. கொண்டு வந்து வைத்த கோப்பி ஆறுவதற்குள் விலை வந்துவிடும்.

"ஒன்னரை குதிரை போதும். குழாய் பதினெட்டடி. எல்லாம் சேத்து ரெண்டாயிரத்து முந்நூறு."

ஏர்கோனின் சக்தியை ஈப்போவில் குதிரைக் கணக்கில்தான் சொல்வார்கள். சொன்ன விலைக்கு மேல் ஒரு காசு கேட்க மாட்டார், கீழே ஒரு காசு இறங்கவும் மாட்டார். குறைக்கச் சொன்னால் கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்ல கோப்பிம்மா" என்று எழுந்து போய்விடுவார். பத்தில் ஏழு பேர் மறுநாள் அவரைத் தேடிக்கொண்டு புந்தோங்கில் அவர் வீட்டுக்கு வந்து நிற்பார்கள். மற்ற மூன்று பேர் மலிவாகச் செய்துகொண்டு, ஆறாம் மாதம் தண்ணீர் சொட்டும்போது வந்து நிற்பார்கள்.

இந்த வித்தையை எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. சங்காட் லிம்பா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. பன்னிரண்டு வயதில், ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது கன்றுக்குக் குழி வெட்டப் போனார். கூட வெட்டியவன் கார்த்திகேசு. ஒரே லயத்துப் பிள்ளைகள், ஒரே வயது. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டதும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஈப்போவுக்கு வந்தார்கள். ஒரு சீன முதலாளியிடம், கண்டனீஸ் தவுக்கேயிடம், குளிர்ப்பெட்டி வேலை கற்றார்கள். தவுக்கே கையால் சொல்லித் தந்ததைவிட ஸ்பேனரால் சொல்லித் தந்தது அதிகம். அப்படி வந்த மனிதர் இன்று அறுபத்து நாலு வயதில் சொந்த லோரி, சொந்த வீடு, சுவரில் சொந்தப் பெயர்ப் பலகை வைத்திருக்கிறார். டிகிரி வாங்கிய எத்தனையோ இஞ்சினியர் கட்டிடத்தில் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்க பிளான்ல ரெண்டு குதிரை கம்மி" என்று சொல்லியிருக்கிறார். அத்தனை பேரும் பின்னால் தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்கள். படித்தவன் கணக்கு தாளில் இருக்கும், மழை பெய்தால் நனைந்துவிடும். பாடுபட்டவன் கணக்கு கையில் இருக்கும்.

விலை என்பதில் மெஷின், குழாய், ஒயர், தாங்குக் கம்பி, ஏணி, ஆள் கூலி மட்டும் இருப்பதாகத்தான் ஜனங்கள் நினைக்கிறார்கள். ஐயாவு அதற்கு மேல் ஒன்று வைப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வந்து போற காசு'. வேலை முடிந்த பிறகு அந்த வீட்டுக்காரன் எத்தனை தடவை போன் போட்டுக் கூப்பிடுவான் என்று அவன் முகத்தைப் பார்த்தே எடை போட்டு அதையும் விலையில் சேர்த்துவிடுவார். ரொம்பப் பேசுகிறவனுக்கு நூறு கூட. பேசாமல் முறைக்கிறவனுக்கு இருநூறு கூட.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

கோயில், சங்கம், பள்ளிக்கூடம் மாதிரியான பெரிய வேலைக்கு மூன்று பேரிடம் விலைக் கடுதாசி வாங்க வேண்டும் என்பது சட்டம். கவரை ஒட்டிக் கொடுக்க வேண்டும், குறைந்த விலைக்காரனுக்கு வேலை. ஆனால் மூன்று கடுதாசியும் ஒருத்தன் ஏற்பாட்டில்தான் வரும். ஐயாவு வேலை பிடித்தால் கார்த்திகேசு ஒரு கடுதாசி கொடுப்பார், மெங்கலம்பில் கம்பெனி வைத்திருக்கும் ஆ பூன் ஒன்று கொடுப்பான், இரண்டும் ஐயாவு விலைக்கு மேலே இருக்கும். கார்த்திகேசு பிடித்தால் ஐயாவு மேலே போட்டுக் கொடுப்பார். தப்புதான். ஆனால் இருபத்தைந்து வருடம் இரண்டு குடும்பமும் சோறு தின்றது அப்படித்தான்.

அதற்கு அவர்களுக்குள் நீட்டி முழக்கிய பேச்சு கிடையாது. ஒரே வார்த்தை. "மச்சான், நான் முப்பது. நீ ரெண்டு தள்ளிப் போடு." முடிந்தது. கார்த்திகேசு முப்பத்திரண்டாயிரம் போட்டுவிடுவார். அந்தக் காலத்தில் குழி நெருங்கிப்போனால் கங்காணி கத்துவது அது. "ரெண்டடி தள்ளிப் போடுங்கடா." கன்றுக்கும் கன்றுக்கும் இடைவெளி விடச் சொன்ன வார்த்தை, விலைக்கும் விலைக்கும் இடைவெளி விட வந்துவிட்டது.

போன வருடம் தீபாவளிக்குப் பிறகு கார்த்திகேசு குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. மகன் இல்லை, ஷாமினி ஒரே மகள். தனியார் கிளினிக் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவள் வேலையை விட்டுவிட்டு அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளிக்கொண்டு, அவருடைய கம்பெனியையும் இரண்டு மெக்கானிக்கை வைத்து ஓட்டினாள். ஓட்டினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. லோரி பாதி நாள் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

ஐயாவு வீட்டிலும் ஒரு முள் இருந்தது. அவர் மகன் சுரேன் ஒன்பது வருடமாகச் சிங்கப்பூரில் இதே ஏர்கோன் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவான். மருமகள் பிரமிளா புந்தோங்கில் மாமனார் வீட்டில், ஆறு வயதுப் பெண் பிள்ளையோடு. தைப்பூசத்துக்கு மறுநாள் அவள் அடுப்படியில் வைத்து மாமியார் நவமணியிடம் சத்தமில்லாமல் சொன்னாள்.

"அத்தே, இந்த வருசக் கடைசிக்குள்ள அவரு இங்க வந்து நிக்கணும். இல்லன்னா நான் பிள்ளையத் தூக்கிட்டு தெலுக் இந்தான் போயி அம்மாகிட்ட இருந்துக்கிறேன். சண்டை எல்லாம் இல்ல அத்தே. முடியல."

நவமணி அதை அப்படியே கொண்டுவந்து புருஷன் காதில் போட்டாள். மகன் வீட்டுக்கு வரவேண்டுமானால் மாதா மாதம் நிற்காமல் வரும் வேலை வேண்டும். ஒரு வீட்டில் ஒரு மெஷின் மாட்டி இரண்டு குடும்பம் சாப்பிட முடியாது.

அப்போதுதான் டயாலிசிஸ் நிலையம் வந்தது.

அந்தப் பழைய தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு, பேர் கூப்பிடுவதற்கு, ஆள் நின்ற இடத்தில் இப்போது ஒரு தாமான், புதுக் குடியிருப்பு, அதன் முகப்பில் கடை வரிசை. மூலைக் கடையை ஒரு தரும சங்கம் வாங்கி, பன்னிரண்டு நாற்காலி போட்டு, ஏழைகளுக்கு இரத்தம் சுத்தம் செய்யும் இடமாக ஆக்குகிறது. எட்டு ஏர்கோன் மெஷின், அதோடு ஐந்து வருடப் பராமரிப்பு. அந்த ஐந்து வருடம்தான் ஐயாவின் கண்ணில் நின்றது. அது இருந்தால் சுரேன் வரலாம்.

சங்கத்தின் செயலாளர் சிவானந்தன், தைப்பிங்கில் அரசாங்கக் கணக்கு இலாகாவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சிலும் இருக்காது. ஐயாவு மூன்று நாள் அந்தக் கட்டிடத்துக்குப் போனார். காலையில் ஒரு தடவை, நடுப்பகலில் ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை சுவரைத் தொட்டார்.

"மிஸ்டர் ஐயாவு, சுவர் என்ன சொல்லுது?" என்று கேட்டார் சிவானந்தன், சிரிக்காமல்.

"சுவரு பொய் சொல்லாது சார். மனுசன்தான் சொல்லுவான். இங்க பாருங்க. இந்த ஆளுங்களுக்கு ரத்தம் உடம்புக்கு வெளிய சுத்திட்டு வருது. அப்படியே குளிரும். நீங்க நாற்காலிக்கு மேல மெஷின் வச்சீங்கன்னா நாலு மணி நேரம் நடுங்குவாங்க. அந்தப் பக்கச் சுவத்துல வைக்கணும். குழாய் பத்தடி பத்தாது, முப்பதடி ஓடணும். காசு கூடும், ஆனா காத்து ஆள் மேல விழாது."

"யாரும் இதைச் சொல்லேல்லையே" என்றார் சிவானந்தன். முதல் தடவையாக அவர் குரலில் ஒரு மரியாதை தெரிந்தது. "நல்லது. ஆனால் முறைப்படிதான் நடக்கும். மூன்று விலை, ஒட்டின கவர். அதில ஒண்டும் செய்ய ஏலாது."

"வாங்குங்க சார். மூணு என்ன, முப்பது கவர் வாங்குங்க" என்றார் ஐயாவு.

அன்று சாயங்காலமே மகனுக்குப் போன் போட்டார்.

"அங்க வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டு வாடா. வேலை நம்ம கையில."

"கடுதாசி வந்துடுச்சாப்பா?"

"என்னடா கடுதாசி? உங்கப்பன் வாயே கடுதாசி. நாப்பது வருசத்துல நான் கைவச்சு வராத வேலை எது, சொல்லு பாப்போம்."

"அதுக்கில்லப்பா. இங்க பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டா திரும்ப எடுக்க முடியாதுலா. கோட்டா இல்ல. அதான் கேக்குறேன்."

"திரும்ப எதுக்குடா போற? வா. பிரமிளாகிட்ட நான் சொல்லிட்டேன்."

சொல்லித்தான் விட்டிருந்தார். பிரமிளா அன்றைக்கே அலமாரியில் புருஷன் பக்கத்தைக் காலி செய்து, துடைத்து, பழைய செய்தித்தாளை எடுத்துவிட்டுப் புதுசு விரித்தாள்.

ஐயாவு தன் விலையை நாற்பத்திரண்டாயிரம் என்று முடிவு கட்டினார். முப்பதடிக் குழாய் போட்டும் அந்த விலைக்கு வருகிறதென்றால், லாபத்தில் தன் கூலியை அவரே வெட்டிக்கொண்டதுதான் காரணம். ஆ பூன் நாற்பத்தாறு போட ஒப்புக்கொண்டான். பிறகு கார்த்திகேசு வீட்டு நம்பரைப் போட்டார். ஷாமினி எடுத்தாள். கையில் வேலை இருந்ததால் ஸ்பீக்கரைத் திறந்து அப்பாவின் கட்டிலில் வைத்துவிட்டுப் பேசினாள்.

"ஷாமினி, அந்த டயாலிசிஸ் கோட்டேஷன். நான் நாப்பத்திரண்டு. நீ ரெண்டு தள்ளிப் போடு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"தள்ளியா மாமா? நெசமாவா?"

ஐயாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லைப் பத்துத் தடவை சொல்ல வேண்டும்.

"உங்கப்பன் இத்தனை வருசம் எப்படிப் போட்டான்? தள்ளிப் போடும்மா. நாளைக்கே கவர ஒட்டிக் குடுத்துரு. கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காத."

"சரி மாமா" என்றாள். குரல் என்னவோ அடைத்த மாதிரி இருந்தது. சளி போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கவர் திறந்தார்கள். ஐயாவு மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷாமினி அப்பாவை விட்டு வர முடியாது, ஆ பூன் வர மாட்டான். சிவானந்தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கத்தரியால் கவரை ஓரமாக வெட்டினார்.

"மிஸ்டர் ஐயாவு. நாற்பத்திரண்டாயிரம்."

இரண்டாவது கவர். "மெங்கலம்பு கம்பெனி. நாற்பத்தாறாயிரம்."

மூன்றாவது. "கார்த்திகேசு இஞ்சினியரிங். நாற்பதாயிரம்."

"சார், தப்பாப் படிச்சிட்டீங்க" என்றார் ஐயாவு. "நாப்பத்து நாலு."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அறையில் இருந்த சங்கத்து ஆட்கள் ஐந்து பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். சிவானந்தன் கடுதாசியை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"ஒட்டின கவருக்குள்ள இருக்கிற விலை உங்களுக்கு எப்படித் தெரியும், மிஸ்டர் ஐயாவு?"

எப்பேர்ப்பட்ட தவுக்கேயிடமும், இஞ்சினியரிடமும் நின்று பேசிய வாய். அன்று அதிலிருந்து வந்தது இவ்வளவுதான்.

"சும்மா… ஒரு குத்துமதிப்பு சார்."

"குத்துமதிப்பு" என்று சிவானந்தன் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று கவரையும் கிழித்துப் போட வேண்டியிருக்கும், மூன்று பேர் பெயரும் கெட்டுப்போகும். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "குறைந்த விலை நாற்பதாயிரம். முறைப்படி வேலை கார்த்திகேசு இஞ்சினியரிங்குக்கு. பராமரிப்பும் அவையளுக்குத்தான்."

லோரியில் ஏறி உட்கார்ந்து வெகு நேரம் சாவியைத் திருகாமல் இருந்தார். துரோகம் என்று நினைத்தார். படுத்துக் கிடக்கிற சிநேகிதனின் மகள், தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, விலையைக் கேட்டுக்கொண்டு அதற்குக் கீழே போட்டுவிட்டாள். நேரே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பலாம் என்று வந்தால், சங்கத்துப் போனில் முடிவு தெரிந்து, அப்பாவுக்குப் பக்கத்து வீட்டு ஆளைக் காவல் வைத்துவிட்டு, அவள் முந்திக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் அவளுடைய செருப்பு. கூடத்தில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு டின் பிஸ்கட்டும். நவமணி பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் ஷாமினி எழுந்து வந்து காலில் விழுந்துவிட்டாள்.

"மாமா, அப்பா விழுந்த நாள்ல இருந்து ஒரு பெரிய வேலை வரல. ரெண்டு மெக்கானிக்கும் இந்த மாசத்தோட தைப்பிங் போறோம்னுட்டாங்க. லோரிய விக்கிறதுக்கு ஆள் பாத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. நீங்க எப்படித்தான் தெரிஞ்சுக்கிட்டீங்களோ."

"என்னாத்த தெரிஞ்சுக்கிட்டேன்?" என்றார் ஐயாவு.

"உங்க விலையச் சொல்லி, அதுல இருந்து ரெண்டு தள்ளிப் போடுன்னீங்களே. நான் கூட மொதல்ல தப்பாக் காதுல விழுந்துச்சோன்னு நினைச்சேன். அதான் திரும்பக் கேட்டேன். நீங்க அதட்டுனீங்க. அதட்டுனாத்தான் நான் வாங்கிக்குவேன்னு அதட்டுறீங்கன்னு புரிஞ்சுச்சு. அப்பா உங்களப் பத்தி எப்பவும் சொல்லுவாரு மாமா."

பாசாரில் மீன்காரனிடம், "அஞ்சு வெள்ளி தள்ளிக் குடு அண்ணே" என்றுதான் அந்தப் பெண் வளர்ந்தாள். அவள் பிறந்தது டவுனில். செம்பனைக் குழி வெட்டியவள் இல்லை. அவளுக்குத் தள்ளுவது என்றால் கழிப்பது. ஐயாவுக்குத் தள்ளுவது என்றால் விலகி நிற்பது.

உண்மையைச் சொல்ல அந்த நிமிஷத்தில் அவருக்கு இடம் இருந்தது. "அம்மா, நான் சொன்னது மேல போடச் சொல்லி. நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டே. என் மகன் வேலைய எழுதிக் குடுத்துட்டான்" என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் நல்ல பெண், கேட்டால் ஏதாவது ஒரு வழி பார்த்திருப்பாள். ஆனால் இப்படி ஒரு பிள்ளை காலில் விழுந்து, கண்ணீர் விட்டு, உங்களை மாதிரி மனுஷன் உண்டா என்று கேட்கும்போது, இல்லை, இது என் வாய்ப் பிசகு, நான் ஏமாந்தவன் என்று சொல்கிற பழக்கம் அவருக்கு அறுபத்து நாலு வருடத்தில் வந்ததில்லை. நெஞ்சு தானாக நிமிர்ந்துவிட்டது.

"எந்திரி, எந்திரி" என்றார். "உங்கப்பனுக்கு நான் செய்யாம வேற எவன் செய்வான்? நான்தான் விட்டுக் குடுத்தேன். இது ஒரு வேலையா எனக்கு? இது மாதிரி நூறு பாத்தவன் நான்."

நவமணி தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். அடுப்படி வாசலில் பிரமிளா நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மறுநாள் கார்த்திகேசுவைப் பார்க்கப் போனார். எதற்குப் போனார் என்று அவருக்கே தெரியாது. கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஐயாவைக் கண்டதும் கார்த்திகேசுவின் இடது கை படபடவென்று அடித்துக்கொண்டது. உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, தூக்கினார். இறக்கினார், தூக்கினார். தொண்டையில் ஏதோ ஒரு சத்தம்.

ஷாமினி எழுந்து போய் மேலே சுற்றும் காற்றாடியின் குமிழை ஒரு எண் கூட்டினாள்.

"இப்படித்தான் மாமா. அன்னிக்கு நீங்க போன் பண்ணுனீங்க இல்ல, போன் இங்கதான் கட்டில்ல இருந்துச்சு. நீங்க வச்சதுல இருந்து இதே மாதிரி கையத் தூக்கித் தூக்கிக் காட்டுனாரு. புழுக்கம் போலன்னு காத்தாடிய அஞ்சுல வச்சேன். அப்பவும் நிறுத்தல. அழுதாரு. கடைசியில நான் கோட்டேஷன் அடிச்சுக் காட்டுனேன், கண்ண மூடிக்கிட்டாரு."

மேலே. மேலே போடு என்று அந்தக் கை அன்றைக்குச் சொல்லியிருக்கிறது. அந்தச் சொல் தெரிந்த இன்னொரு மனிதன் உலகத்தில் அவன் ஒருத்தன்தான். அவனுக்கு வாய் இல்லை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்த்திகேசுவின் ஒரு பக்கத்து உதடு கோணியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. ஐயாவு அந்தக் கையைப் பிடித்து மெத்தையில் அழுத்தி வைத்தார்.

"விடு மச்சான்" என்றார். "போதும்லா. விடு."

அடுத்த வாரம் சுரேன் இரண்டு பெரிய பெட்டியோடு அமான்ஜெயா பஸ் நிலையத்தில் வந்து இறங்கினான். வேலை போனது அவனுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். "செக்ரட்டரி ரூல் பேசுற ஆளு, மாத்திட்டான்" என்று ஐயாவு பொதுவாகச் சொல்லி வைத்தார். பையன் பெட்டிகளைத் திறக்காமல் மூலையில் வைத்தான். நாலு நாள் சும்மா இருந்தான். ஐந்தாம் நாள் ஷாமினி போன் போட்டு, ஆள் பற்றவில்லை, சுரேன் அண்ணன் நாள் சம்பளத்துக்கு வருவாரா என்று கேட்டாள். போனான். எந்த வேலைக்கு முதலாளியாக வந்தானோ அந்த வேலைக்கே கூலியாகப் போனான். பதினொரு நாள்.

பதினோராம் நாள் சாயங்காலம் வந்து குளிக்காமல், சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"குழாய் எத்தனை அடி ஓட்டுன?" என்றார் ஐயாவு. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பத்து பத்துதான்ப்பா. நாப்பதாயிரத்துல வேற எப்படி வரும்? மெஷின் நாற்காலிக்கு மேலதான் நிக்குது. காத்து நேரா ஆள் மேல. இன்னிக்குத்தான் தொறந்தாங்க, ஒரு கிழவி இப்பவே போர்வை கேட்டுச்சு."

"நான் முப்பதடி சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. அந்த விலை அதைச் சொல்லலியே." சட்டைப் பையிலிருந்து சம்பளக் கவரை எடுத்து எதிரே வைத்தான். "ஷாமினி இன்னிக்குச் சம்பளம் குடுக்கும்போது சொல்லுது, 'உங்கப்பா மாதிரி ஒரு மனுசன பாக்க முடியாது அண்ணே, அவரு கையில இருந்த வேலைய எங்களுக்கு விட்டுக் குடுத்தாரு'ன்னு. நெசமாப்பா?"

ஐயாவு தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செக்ரட்டரி மாத்திட்டான்னு சொன்னீங்க. நான் உங்களத்தான் கேக்குறேன். நீங்களா குடுத்தீங்களா?"

இல்லை என்று சொன்னால், வாய் தவறி மகன் பிழைப்பைக் கெடுத்த முட்டாள் என்று ஆகும். அதோடு அந்தப் பேச்சு ஷாமினி காதுக்குப் போகும். அவள் கண்ணீர், வாழைப்பழம், காலில் விழுந்தது எல்லாம் கோமாளித்தனமாகிவிடும். ஆமாம் என்று சொன்னால் மகன் மனசில் என்ன ஆகும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். எந்தச் சுவரையும் தொட்டு அதன் சூட்டைச் சொல்லக்கூடிய மனிதர், எதிரே உட்கார்ந்திருந்த மகனைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"ஆமா. நான்தான் குடுத்தேன். சிநேகிதனுக்குச் செய்ய வேண்டியது."

சுரேன் தலையை ஆட்டினான். ரொம்ப மெதுவாக ஆட்டினான்.

"சரிப்பா. அவங்களுக்கு நீங்க இருக்கீங்க." எழுந்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பெர்மிட்ட கேன்சல் பண்ணியிருக்க மாட்டேன். அதுதான். வேற ஒன்னும் இல்ல."

சத்தம் போட்டிருந்தால் தேவலை. இரண்டு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை. அவன் போய்க் குளித்துவிட்டு வந்து, சோறு தின்றுவிட்டுப் படுத்தான்.

சிங்கப்பூர் கம்பெனி திரும்ப எடுக்கவில்லை. ஒரு ஏஜண்டு பிடித்து, பழைய சம்பளத்தில் பாதிக்கு, பாகான் டத்தோவில் தொழிற்சாலை ஒன்றின் குளிர்க்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனான். தங்கவும் அங்கேயே ஒரு ரூம்பு. தெலுக் இந்தான் அங்கிருந்து பக்கம் என்று பிரமிளா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். முதல் நாள் சொன்ன மாதிரியே சண்டை ஒன்றும் இல்லை. நவமணி பையில் ஊறுகாய் வைத்துக் கொடுத்தாள். பிரமிளா மாமனார் முன்னால் வந்து நின்று, "வாரேன் மாமா" என்றாள். அவ்வளவுதான். அலமாரியில் விரித்த செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

சுரேன் இப்போது போன் போடுவது அம்மாவுக்குத்தான். "அப்பா சாப்பிட்டாரா" என்று கேட்பானாம். போனை அவரிடம் கொடுக்கச் சொல்வதில்லை. ஊரில் ஐயாவு பெயர் முன்னைவிட உயர்ந்துவிட்டது. கோயில் கூட்டத்தில் ஷாமினி நாலு பேரிடம் சொல்ல, நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்ல, "கையில இருந்த வேலைய விட்டுக் குடுத்த மனுசன்" என்று பார்க்கிறவன் எல்லாம் கும்பிடுகிறான். அவரும் தலையை நிமிர்த்திக் கும்பிட்டுக்கொள்கிறார். வேறென்ன செய்ய முடியும்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் பெர்ச்சாமில் ஒரு வீட்டுக்கு விலை சொல்லப் போனார். மூன்று ரூம்பு, மூன்று மெஷின். வீட்டுக்காரி தினேஸ்வரி, பள்ளிக்கூட ஆசிரியை. கோப்பி கொண்டு வந்து வைத்தாள். ஐயாவு வழக்கம்போல மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். சுவர் சுட்டது. எவ்வளவு சூடு, எத்தனை குதிரை, குழாய் எத்தனை அடி, வந்து போற காசு எவ்வளவு, எல்லாம் வரிசையாக மனசில் வந்து நின்றது. வாயைத் திறந்தார். எண் வரவில்லை.

"எவ்வளவு வரும் அண்ணே?" என்றாள் தினேஸ்வரி.

அவர் கையை எடுக்காமல் நின்றார். சொன்னால் அவள் என்ன கேட்பாள் என்று நினைத்தார். தான் சொல்வது ஒன்று, இன்னொருத்தர் காதில் விழுவது இன்னொன்று என்றால், இத்தனை வருடம் சொன்ன விலையெல்லாம் யார் யார் காதில் என்னவாக விழுந்ததோ.

"அண்ணே, கோப்பி ஆறுது."

"என் பையன் வரட்டும்மா" என்றார் ஐயாவு. "அவன் வந்து எழுதித் தருவான்."

"எப்ப வருவாரு?"

சுவர் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. கோப்பியின் மேல் ஆடை படிந்தது.